போட்டோஸ்டேட் எடுக்க முடியாத தரை

குணா அந்த டைலை ஏழாவது முறையாகத் திருப்பிப் பார்த்தார். வலப்பக்கம் சாய்த்தார், கால்மாடு தலைமாடாக மாற்றினார், ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினார். டைல் உட்காரவில்லை. கடையின் நடுத்தூணுக்குப் பக்கத்தில், தேத்தண்ணி கலக்கும் மேசைக்கு நேர் எதிரே, தரையில் ஓர் ஓட்டை. முழு டைலுக்குச் சிறியது, அரை டைலுக்குப் பெரியது.

"பாய், இது உக்காராது லா," என்றார்.

"கொஞ்சம் தள்ளி வச்சுப் பாருங்க குணா."

"எவ்ளோ தள்ளறது? தள்ளிக்கிட்டே போனா கடலு வந்துரும்."

எங்கள் கடை கோலா சிலாங்கூரில் இருக்கிறது. கடல் ஒன்றும் தூரமில்லை. ஆகவே அவர் சொன்னதை நான் நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று புதன்கிழமை காலை. மறுநாள் என் தங்கச்சி ஹசீனா வருவதாக இருந்தாள். பதினோரு வருடத்துக்குப் பிறகு இந்தக் கடைக்குள் அவள் காலடி வைக்கப்போகிறாள், அதுவும் இந்தத் தரையைப் பார்ப்பதற்காக. அப்படிப்பட்ட தரையில்தான் ஓட்டை. ஒன்றல்ல, எண்ணிப் பார்த்தபோது பத்தொன்பது.

போன வாரம் இந்தப் பத்தியில் என் கல்யாண பிரியாணியில் உப்பு போட மறந்த கதையை எழுதியிருந்தேன். மச்சான் போனில் கூப்பிட்டு, பெயர் போடாவிட்டாலும் ஊருக்கே தன்னைத் தெரிந்துவிட்டது என்று அரை மணி நேரம் கோபித்துக்கொண்டார். இந்த வாரம் அந்தத் தொல்லை இல்லை. இதில் குற்றவாளி நானே என்பதால் கோபித்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது.

ஹாரன் அடிக்கும் தங்கச்சி

ஹசீனா என்னைவிட ஒன்பது வயது இளையவள். செரண்டாவில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். உலோகத் துண்டுகளுக்கு எக்ஸ்ரே எடுத்து, உள்ளே அணுக்கள் ஒழுங்காக வரிசையில் நிற்கின்றனவா என்று பார்ப்பது அவள் உத்தியோகம். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பாள்.

வாப்பா வைத்துவிட்டுப் போன இந்தச் சாப்பாட்டுக் கடைக்கும் அவளுக்கும் பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. என்னோடு பேசுவாள். பெருநாளைக்கு உம்மா வீட்டில் சந்தித்தால் சலாம் சொல்வாள், கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று கேட்பாள். கடைக்குள் மட்டும் வரமாட்டாள். இந்தப் பக்கம் வந்தால் வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடிப்பாள். நான் ரொட்டிப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுப்பேன். வாங்கிக்கொண்டு போய்விடுவாள். கடை முதலாளிக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன வேண்டும்.

காரணம் ஒரு படிவம். ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. உபகாரச் சம்பளமும் கிடைத்தது. அதற்கு இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். மாமா போட்டார். இரண்டாவது கையெழுத்து என்னுடையது. கல்லாவுக்கு எதிரே நின்று, அண்ணன் என்ற உரிமையில், "காக்கா, இருபத்தெட்டாம் தேதிக்குள்ள வேணும்," என்று சொல்லி என் கையில் கொடுத்தாள். நான் டிராயரில் வைத்தேன். இருபத்தெட்டாம் தேதி வந்தது, போனது. படிவம் டிராயரில் இருந்தது.

மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அப்படித்தான் பதினோரு வருடமாகச் சொல்லிவருகிறேன்.

நாசி லெமாக் காகிதத்தில் ஐந்து மூலை

அவள் படிக்கப் போக நினைத்தது என்ன என்று கேட்பவர்களுக்கு நான் பல வருடமாக, "ஏதோ கல்லு சம்பந்தமா," என்றுதான் பதில் சொல்லி வந்தேன். உண்மையில் எனக்கு அது தெரியும். அவளே இந்தக் கடையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறாள், படிவ விவகாரத்துக்குச் சில வாரம் முன்னால், மத்தியானக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில்.

மேசையில் உப்பைக் கொட்டினாள். "இது படிகம் காக்கா. ஒரே மாதிரி குட்டிப் பெட்டி. மேல, கீழ, பக்கத்துல அதையே அடுக்கிக்கிட்டே போனா உப்பு. கற்கண்டும் அப்படித்தான். ஒரு பெட்டியப் பார்த்தா போதும், முழுசையும் பார்த்த மாதிரி."

பிறகு நாலாக மடித்த ரொட்டி சானாய் நாலைந்தை மேசையில் நெருக்கி அடுக்கினாள். சதுரம், சந்து விழவில்லை. முக்கோணமாக வெட்டினாள், சந்து விழவில்லை. ஆறு மூலையும் அப்படியே, தேன்கூட்டைப் பார்த்தால் தெரியும் என்றாள். கடைசியில் நாசி லெமாக் சோறு மடிக்கும் காகிதத்தில் ஐந்து மூலை வைத்துச் சில துண்டுகள் வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நடுவில் சந்து விழுந்தது. எப்படி வைத்தாலும் விழுந்தது.

"ஐந்து மூலையால தரைய ரொப்ப முடியாது. அதனால ஐந்து மூலைப் படிகம் உலகத்துலயே கெடையாதுன்னு புஸ்தகத்துல எழுதி வச்சிருந்தாங்க."

எழுதி வைத்துவிட்டால் அப்புறம் யார் பார்க்கப் போகிறார்கள். ஒருவர் பார்த்தார். அலுமினியக் கலவை ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தவருக்கு, நடுப்புள்ளியைச் சுற்றிப் பத்துப் புள்ளிகள் வட்டமாகத் தெரிந்தன. ஐந்து மூலைக் குடும்பத்துக்கு மட்டுமே வரக்கூடிய வட்டம் அது. மேலதிகாரி அவருக்குப் பாடப்புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாராம். பிறகு குழுவைவிட்டே போகச் சொன்னார்கள். உலகமே கும்பிடும் பெரிய விஞ்ஞானி ஒருவர் சாகும்வரை ஒத்துக்கொள்ளவில்லை. பல வருடம் கழித்து அந்தப் புள்ளிகளுக்காகவே உலகத்தின் பெரிய பரிசை அவருக்குக் கொடுத்தார்கள். பெரிய இடங்களில் மன்னிப்புக் கேட்பது என்றால் இப்படித்தான் போலிருக்கிறது, மாலை போட்டு முடித்துவிடுவது.

விஷயம் இதுதான். ஒரே டைலால் முடியாததை, தடிப்பும் ஒல்லியுமாக இரண்டு வகை டைலைக் கலந்து கணக்குக்காரர்கள் முன்னாலேயே காகிதத்தில் செய்து வைத்திருந்தார்கள். சந்து விழாது, ஐந்து மூலை ஒழுங்கும் தெரியும். ஆனால் எவ்வளவு தூரம் போனாலும் அந்த வடிவம் ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வராது. அவர்கள் பொழுதுபோக்காகப் போட்ட தரையை அந்த உலோகம் சத்தமில்லாமல் உள்ளே போட்டுக்கொண்டிருந்தது. அதற்கு குவாசி கிரிஸ்டல் என்று பெயர் வைத்தார்கள். இத்தனை அவமானப்பட்டும் பெயரில் பாதிப் படிகம் என்றுதான் இருக்கிறது, முழு மரியாதை கிடைக்கவில்லை.

உப்புக்குப் பயந்த சட்டி

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு நான் ஒரு கடைக்காரன் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "இதனால ரொட்டிக்கு என்ன லாபம்?"

அவள் கோபப்படவில்லை. லாபம் இருக்கிறது என்றாள். அந்தப் பாதிப் படிகத்தின்மேல் எதுவும் சுலபமாக ஒட்டாது. ஆகவே அதைப் பூசி வறுக்கும் சட்டி செய்து விற்றார்களாம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் கடை ரொட்டிக் கல்லில் ஒட்டாமல் ரொட்டி எடுப்பதற்காக வாப்பா காலத்திலிருந்து எத்தனை கரண்டி நெய் போயிருக்கும்.

"எங்க கெடைக்கும்?"

"இப்ப கெடைக்காது. உப்புப் பட்டா அரிச்சிருமாம்."

நான் சிரித்த சிரிப்பில் ரொட்டி தட்டுபவர் திரும்பிப் பார்த்தார். உலகத்தின் பெரிய மூளைகள் எல்லாம் சேர்ந்து ஒரு சட்டி செய்திருக்கிறார்கள், அதில் உப்பு போடக் கூடாது. எங்கள் கடையில் அது காலைப் பசியாறலுக்குக்கூடத் தாங்காது. அன்று அவளும் என்னோடு சேர்ந்துதான் சிரித்தாள். கல்லா மேசையில் தலையை வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் இந்தக் கடைக்குள் சிரித்தது அதுதான் கடைசி. அது அப்போது தெரிந்திருந்தால் இன்னும் இரண்டு ஜோக் சொல்லியிருப்பேன்.

எந்த டிசைனா இருந்தாலும்

பழைய மொசைக் தரை இந்த வருடம் நாலு இடத்தில் பிளந்துகொண்டது. கடையை இரண்டு வாரம் மூடிப் புதுத் தரை போடுவது என்று முடிவானது. என் மனைவி சொன்னாள், "ஹசீனாவக் கூப்பிட்டு ஒரு டிசைன் கேளுங்களேன். அவளுக்கும் வாப்பா கடைதானே." இருபது வருடத்தில் அவள் சொன்ன நல்ல யோசனைகளை நான் என்னுடையதென்றே வெளியில் சொல்லி வந்திருக்கிறேன். இதையும் அப்படியே செய்தேன்.

போன் போட்டேன். "புதுத் தரை போடப்போறேன். நீ எந்த டிசைன் சொல்றியோ அதான்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "எந்த டிசைனா இருந்தாலுமா?"

"எந்த டிசைனா இருந்தாலும்."

பூ, கொடி, மிஞ்சினால் நட்சத்திரம் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் அனுப்பிய படத்தில் பதின்மூன்று பக்கம் உள்ள ஒரு வடிவம் இருந்தது. தொப்பி என்று அதற்குப் பெயராம். எனக்கு அது கசங்கிய அரைக்கைச் சட்டை போலத் தெரிந்தது. இரண்டு வகை டைல்கூடத் தேவையில்லை, இந்த ஒரே வடிவத்தால் தரை முழுவதையும் சந்தில்லாமல் நிரப்பலாம், ஆனால் டிசைன் சீராகத் திரும்பி வராது. அப்படி ஒரு வடிவம் இருக்கிறதா என்று கணக்குப் பேராசிரியர்கள் பல பத்து வருடம் தேடினார்கள். சமீபத்தில் அதைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தில் அச்சுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். வீட்டில் காகிதம் வெட்டி விளையாடியிருக்கிறார். நம் ஊரில் ஓய்வு பெற்றவர்கள் என் கடை மூன்றாம் மேசையில் உட்கார்ந்து ஒரு டீக்கு மூன்று மணி நேரம் அரசியல் பேசுகிறார்கள்.

மூன்றாம் மேசைக்குச் செய்தி போனதும், "எல்லாம் நம்ம ஆளுங்க அன்னைக்கே செஞ்சதுதான்," என்று தீர்ப்பு வந்தது. அவர்களுக்கு எல்லாமே நம்ம ஆளுங்க செய்ததுதான். இந்த ஒருமுறை அதில் கொஞ்சம் உண்மை இருந்துவிட்டது. ஈரானில் ஐந்நூறு வருடத்துக்கும் முந்தைய ஒரு கட்டடச் சுவரில் ஏறக்குறைய இப்படிப்பட்ட ஐந்து மூலை வேலைப்பாடு இருப்பதாக ஹசீனாவும் சொன்னாள். மூன்றாம் மேசை அன்று இன்னொரு டீ கேட்டது.

சுங்கை பெசாரில் சிமெண்டு டைல் வார்க்கும் ஒரு சின்னப் பட்டறையில் சொல்லிச் செய்தோம். அச்சு இரண்டு வேண்டியிருந்தது. ஏழு டைலுக்கு ஒரு டைல், கண்ணாடியில் பார்த்ததுபோல இடவலம் மாறியிருக்க வேண்டுமாம். மேல்பக்கம் வழவழவென்று இருப்பதால் டைலைக் கவிழ்த்துப் போட முடியாது. அந்த மாறிய டைல்களை மட்டும் பச்சையில் வார்க்கச் சொன்னாள், மற்றதெல்லாம் வெள்ளை. பட்டறை முதலாளி தவுக்கே படத்தைப் பார்த்து, இது உடைந்த டைலா என்று கேட்டார். இல்லை, என் தங்கச்சி என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை.

குணா கேட்ட கேள்வி

டைல் போட வந்தவர் குணா. ஈஜோக் பக்கத்துத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர், அப்பா அங்கே ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். இப்போது ரவாங்கில் வீடு. சிலாங்கூர் வடக்கில் பாதிக் கோயில் மண்டபங்களிலும் சில பள்ளிவாசல்களிலும் ஜனங்கள் உட்கார்ந்திருப்பது குணா போட்ட தரையில்தான். நூல் பிடித்துத்தான் வேலையைத் தொடங்குவார். இந்தத் தரைக்கு நூலே கிடையாது என்று ஹசீனா சொன்னபோது, டிரைவரிடம் ஸ்டீயரிங் கிடையாது என்று சொன்னதுபோல விழித்தார்.

நூலுக்குப் பதில் அவள் தாள் கொடுத்தாள். கணினியில் வரைந்து, ஒவ்வொரு டைலுக்கும் எண் போட்ட தாள்கள். மொத்தம் பதினாறு. வாசலிலிருந்து நடுத்தூண் வரைக்கும் முதல் எட்டு. குணா ரவாங்கில் இருப்பதால் அந்த எட்டை அவரே பக்கத்துச் செரண்டாவுக்குப் போய் வாங்கி வந்தார்.

அவள் அவரிடம் எச்சரித்தும் அனுப்பியிருந்தாள். பக்கத்து டைலோடு சரியாகப் பொருந்துகிறதே என்று கண்பார்வையில் வைத்துக்கொண்டே போகக் கூடாது. வைக்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். இருபது டைல் தள்ளித்தான் ஓர் ஓட்டை வரும். அப்போது தப்பு எங்கே தொடங்கியது என்று தேடினால் கிடைக்காது.

குணா விவரமானவர். "தங்கச்சி, நமக்கு நீ தாளு குடுத்துட்ட. அந்த அணுவுக்கெல்லாம் யாரு தாளு குடுக்கறா? அது எப்படி ஓட்ட விழாம போட்டுக்குது?" என்று கேட்டாராம்.

அவர் இதை என்னிடம் சொல்லும்போது வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "தாளச் சுருட்டி எங்கிட்ட குடுத்துச்சுங்க பாய். அப்பறம், அதத்தாண்ணே படிக்கணும்னு இருந்தேன்னு சொல்லிச்சு. படிக்கலயா பாய் அது?"

"வேல இருக்கு குணா, வாங்க," என்றேன்.

நான் செய்த பெரிய காரியம்

மீதி எட்டுத் தாளை இன்னும் சரிபார்க்க வேண்டும் என்று ஹசீனா போனில் சொன்னாள். "நடுத்தூண் வரைக்கும் வந்ததும் நிறுத்திருங்க. வியாழக்கெழம லீவு போட்டுட்டு மீதித் தாள நானே கொண்டு வர்றேன்."

"கடைக்கா?"

"வேற எங்க?"

போனை வைத்துவிட்டு, கல்லாவில் யாரும் இல்லாததை உறுதி செய்துகொண்டு, ஒரு நிமிடம் கண்ணை மூடி அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆனால் எனக்கு யோசனை வந்துவிட்டது. குணாவிடம் இரண்டு ஜோடி ஆட்கள். ஒரு ஜோடி வாசலிலிருந்து போட்டுக்கொண்டு வருகிறது, இன்னொரு ஜோடி குந்தியிருந்து சிகரெட் பிடிக்கிறது. எல்லாக் கடைத் தரையும் அப்படித்தானே போடுவார்கள், ஒரு ஜோடி வாசலிலிருந்து, ஒரு ஜோடி அடுப்பங்கரையிலிருந்து, நடுவில் சந்திக்கும். தாள் இல்லையே என்றார் குணா. முதல் எட்டுத் தாள் இருக்கிறதே என்றேன் நான். அதே வடிவம், அதே வெள்ளை, அதே பச்சை. பக்கத்துக் கடைக்குப் போய், தாளுக்கு இருபது காசு கொடுத்து, எட்டையும் போட்டோஸ்டேட் எடுத்து வந்தேன்.

மறுபடி வராது என்பதற்காகவே என் தங்கச்சி தேர்ந்தெடுத்த தரையை நான் நகல் எடுத்தேன். உலகத்தில் எத்தனையோ பேர் இந்தத் தொப்பி வடிவத்தை ஆராய்கிறார்கள். இந்தக் கோணத்தில் அதை அணுகியது அநேகமாக நான் ஒருவன்தான்.

அவசரம் மட்டும் காரணமில்லை. வியாழக்கிழமை அவள் பாதித் தரையை எதிர்பார்த்து வருவாள், முழுத் தரையையும் பார்ப்பாள், அசந்துபோவாள் என்று கனவு கண்டேன். என் காக்கா எனக்காக இவ்வளவு செய்திருக்கிறாரே என்று அவளுக்குத் தோன்ற வேண்டும். பதினோரு வருடத்தை ஒரே தரையில் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் இரண்டு ஜோடியும் நடுத்தூணருகே நெருங்கின. புதன்கிழமை காலை குணா அந்த டைலை ஏழாவது முறையாகத் திருப்பினார்.

கிரைண்டர்

"ஒடைச்சுட்டுத் திரும்பப் போடலாம் பாய். அடுத்த வாரம்தானே தெறப்பு," என்றார் குணா.

"நாளைக்கு அவ வர்றா."

குணா என் முகத்தைப் பார்த்தார். பிறகு கிரைண்டரை எடுத்தார். பத்தொன்பது ஓட்டைக்கும் டைலை அறுத்து, பொருந்திய அளவுக்குத் திணித்து, மிச்சத்தை வெள்ளைச் சிமெண்டால் பூசினார். சாயந்திரம் மூன்றாம் மேசைக்காரர்கள் சாப்பாட்டு மேசையே இல்லாத கடைக்கு வந்து சுற்றிப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார்கள். கடந்த தேர்தலில் யார் ஜெயிப்பார்கள் என்று சொன்னதும் அவர்கள்தான்.

மீதித் தாள்

வியாழக்கிழமை பத்து மணிக்கு வாசலில் கார் நின்றது. ஹாரன் அடிக்கவில்லை. கதவு திறந்தது.

வாசல்படியில் செருப்பைக் கழற்றினாள். சாப்பாட்டுக் கடையில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. கையில் சுருட்டிய தாள்கள், ரப்பர் பேண்டு போட்டு. உள்ளே இரண்டு அடி வைத்தவள், சுவருக்குச் சுவர், அடுப்பங்கரை வரைக்கும், நிறைந்திருந்த தரையைப் பார்த்தாள்.

"முடிச்சிட்டீங்களா?"

"ஆமா. குணா ஆளுங்க வேகமா..."

"மீதித் தாளு என் கையில இருக்கு காக்கா."

முழுத் தரையை அவளிடம் காட்டத் திட்டம் போட்டவன், மீதித் தாள் அவளிடமே இருக்கிறது என்பதை எப்படி யோசிக்காமல் விட்டேன் என்று என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள்.

ஹசீனா தரையைப் பார்த்துக்கொண்டே மெல்ல நடந்தாள். வாசலிலிருந்து தூண் வரைக்கும் முகம் மலர்ந்திருந்தது. பச்சை டைல்களை ஒவ்வொன்றாக விரலால் எண்ணினாள். தூணருகே நின்றாள். குந்தி உட்கார்ந்து, அறுத்த டைல் ஒன்றின்மேல் உள்ளங்கையை வைத்தாள். சிமெண்டு இன்னும் முழுசாகக் காயவில்லை, கையில் ஒட்டியது.

"உலோகத்துலயும் இப்படித்தான் ஆகும்," என்றாள், யாரிடம் என்று தெரியாமல். "படிகம் ரெண்டு எடத்துல தனித்தனியா வளர ஆரம்பிச்சா, நடுவுல சேர்ற எடம் இப்படித்தான் கோணிக்கும்." பிறகு நிமிர்ந்தாள். "அடுப்பங்கர பக்கம் எந்தத் தாள வச்சுப் போட்டீங்க?"

குணா முன்னால் வந்தார். "தங்கச்சி, நான்தாம்மா. ஆளுங்க சும்மா ஒக்காந்திருந்தானுங்க, அதான் நான்..."

நல்ல மனிதர். முந்தின நாளிலிருந்தே என் முகத்தைப் பார்த்துத் தயாராகியிருக்கிறார். எனக்குத் தலையை ஆட்டினால் போதும். இரண்டு திட்டு வாங்கிக்கொண்டு அவர் போய்விடுவார், நான் வழக்கம்போல நல்லவனாக நின்றுவிடலாம். உண்மையைச் சொன்னால் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு காருக்குப் போய்விடுவாள். பதினோரு வருடம் இருபத்திரண்டாகும்.

"குணா இல்ல. நான்தான்," என்றேன். "மொத எட்டுத் தாள போட்டோஸ்டேட் எடுத்துக் குடுத்தேன்."

"போட்டோஸ்டேட்டா?"

"ஒரு தடவகூடவா மறுபடி வராதுன்னு நெனச்சேன்."

"வரும்," என்றாள். "இதுல எந்தத் துண்ட எடுத்தாலும் வேற எங்கயாச்சும் மறுபடி வரத்தான் செய்யும். ஆனா நீங்க நெனச்ச எடத்துல வராது."

அவள் டைலைப் பற்றித்தான் சொன்னாள். எனக்கு வேறு ஞாபகம் வந்தது. நேரே கல்லாவைப் பார்த்தேன். அதே டிராயர், அதே பித்தளைப் பிடி.

"ஹசீனா, அந்தப் படிவம். மறக்கல."

அவள் கையில் ஒட்டிய சிமெண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தேதி ஞாபகம் இருந்துச்சு. தெனமும் டிராயரத் தொறந்து பார்ப்பேன், மூடிருவேன். வாப்பா போயிட்டாங்க, உம்மாவுக்கு முடியல. நீ போனா திரும்பி வரமாட்டேன்னு பயந்துட்டேன். திரும்பி வருவியான்னு கேட்டிருந்தா நீ பதில் சொல்லியிருப்ப. அதனால கேக்கல."

குணா சட்டென்று சிமெண்டு வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். வாளி காலி. ஹசீனா தலையைக் குனிந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வெள்ளை டைலில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை. நானும் அழுதேன். கிரைண்டர் தூசி என்று பிறகு குணாவிடம் சொன்னேன்.

"தெரியும்," என்றாள் கடைசியில்.

"எப்படித் தெரியும்?"

"எந்த டீக்கு சீனி கம்மி, யாரு ரொட்டிக்கு வெங்காயம் வேணாம், எல்லாம் நீங்க மறக்கறதில்ல. ஒரு கையெழுத்த மட்டும் மறந்தீங்களாக்கும்."

குணா திரும்பி வந்து, தொண்டையைக் கனைத்துவிட்டு, "எந்தப் பக்கத்த ஒடைக்கணும் தங்கச்சி?" என்று கேட்டார்.

"அடுப்பங்கர பக்கம். முழுசும்."

சுத்தியலையும் உளியையும் நான் கேட்டு வாங்கினேன். முழங்காலைத் தரையில் ஊன்றி முதல் டைலை உடைத்தேன். இந்த வயதில், இந்தக் கொலஸ்ட்ராலில், அது அவ்வளவு அழகான காட்சியாக இருந்திருக்காது. ஹசீனா கல்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரப்பர் பேண்டைக் கழற்றி ஒன்பதாம் தாளைக் கல்லா மேசையில் விரித்தாள். நான் நாலாவது டைலைப் பெயர்த்தபோது, தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"காக்கா, இத பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா, வெறும் வெள்ளச் சதுர டைல்ஸே போதும்னிருப்பேன்."